மனச்சோர்வு வினாப்படிவமும் எல்லைத் தமிழும்: நீரிழிவு நோயாளருக்கான தமிழாக்கத்தின் ஏற்புடைமை குறித்து ஓர் ஆய்வு

1. முன்னுரை

நீரிழிவு உடையோரிடம் மனச்சோர்வு, அந்நோய் இல்லாதவரைவிட ஏறத்தாழ இருமடங்கு மிகுதியாகக் காணப்படுகிறது என்பதை ஆண்டர்சன் முதலானோர் 2001இல் வெளியிட்ட தொகுப்பாய்வு எடுத்துக்காட்டியது. மனம் சோர்ந்தவர் மருந்தையும் உணவுக் கட்டுப்பாட்டையும் கைவிடுகின்றனர். அதனால் சர்க்கரை அளவு உயர்கிறது. உடல் நலியவே மனம் மேலும் சோர்கிறது. ஆகவே நீரிழிவு மருத்துவமனைகளில் மனச்சோர்வை முதல் நிலையிலேயே அறிந்துகொள்ள உதவும் எளிய வினாப்படிவங்கள் வேண்டப்படுகின்றன. அவற்றுள் உலகெங்கும் மிகுதியாக வழங்குவது பி.எச்.கியூ.-9 என்னும் ஒன்பது வினாப் படிவமாகும். இது ஆங்கிலத்தில் உருவாகிப் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. தமிழும் அவற்றுள் ஒன்று.

இத்தகைய படிவம் ஒரு மொழியில் ஒருமுறை சோதித்து ஏற்கப்பட்டபின், அம்மொழி பேசுவோர் அனைவருக்கும் அது பொருந்தும் என்று கொள்ளப்படுகிறது. இக்கொள்கை எத்துணைச் சரியானது என்பதைப் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லைப் பகுதிகளில் வழங்கும் தமிழைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஏற்புடைமை என்பது அச்சிட்ட படிவத்துக்கு உரிய பண்பன்று. குறிப்பிட்ட மக்களிடம் குறிப்பிட்ட சொற்களால் கேட்கப்படும் வினாவுக்கு உரிய பண்பு என்பது இங்கு நிறுவப்படுகிறது.

2. படிவமும் எண்ணும்

குரோன்கே, ஸ்பிட்சர், வில்லியம்ஸ் ஆகியோர் பி.எச்.கியூ.-9 படிவத்தின் ஏற்புடைமையை 2001இல் வெளியிட்டனர். கடந்த இரு வாரங்களில் ஒன்பது தொல்லைகள் எத்தனை நாள் இருந்தன என்று அது வினவுகிறது. ஈடுபாடு குறைதல், மனம் தளர்தல், உறக்கக் கேடு, களைப்பு, பசி மாற்றம், தன்னையே இழிவாக எண்ணுதல், கவனம் சிதறுதல், செயலில் மந்தம் அல்லது பரபரப்பு, சாவைப் பற்றிய எண்ணம் என்பன அவை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் உண்டு, மொத்தம் 27. பத்தும் அதற்கு மேலும் பெற்றவரை மருத்துவர் விரிவாக ஆராய வேண்டும் என்பது பொது மரபு.

இந்த எண் வெறும் குறியீடு அன்று. சென்னை, பெங்களூரு, தில்லி, விசாகப்பட்டினம் ஆகிய நகரங்களின் நான்கு மருத்துவமனைகளில் 404 பேரிடம் நிகழ்ந்து 2020இல் முடிவுகள் வெளியான ஆய்வொன்றில், நீரிழிவும் மனச்சோர்வும் உடையோருக்கு ஒருங்கிணைந்த சிகிச்சை பயன் தந்தது. அவ்வாய்வில் சேர்க்கப்படுவதற்கும் இப்படிவத்தில் பத்து மதிப்பெண் தேவைப்பட்டது. எண் எட்டில் நின்றவருக்கு அவ்வழி திறக்காது.

தமிழ்ச் சூழலில் குறிப்பிடத்தக்க முயற்சி சென்னையில் நிகழ்ந்தது. சென்னை நகர்ப்புற ஊரக நோய்ப்பரவலியல் ஆய்வின் பகுதியாகப் பூங்கோதை, பிரதீபா, கணேசன், மோகன் ஆகியோர் 2009இல் வெளியிட்ட கட்டுரையில், ஒன்பது வினாக்கள் பன்னிரண்டாக விரிக்கப்பட்டன. நான்கு படிநிலை விடைகளுக்கு மாறாக ஆம், இல்லை என்னும் இரு விடைகளே கொள்ளப்பட்டன. நான்கு மதிப்பெண் வெட்டுப்புள்ளியாக வரையறுக்கப்பட்டது. அதே ஆண்டில் வெளிவந்த மற்றொரு கட்டுரை, சென்னையில் 25,455 பேரிடம் இப்படிவத்தைப் பயன்படுத்தி 15.1 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வைக் கண்டது.

மொழிபெயர்ப்பு நோக்கில் இம்மாற்றம் பாராட்டத்தக்கது. உறக்கம் வராமை அல்லது மிகுதியாக உறங்குதல் என ஆங்கில வினா இரு எதிர்நிலைகளை ஒரு தொடரில் அடக்குகிறது. அதனைத் தமிழில் வாய்மொழியாகக் கேட்பவர், இறுதியில் ஒலித்த கூறுக்கு மட்டுமே விடை சொல்வது இயல்பு. பிரித்துக் கேட்பின் குழப்பம் நீங்கும். எனினும் நான்கு என்னும் வெட்டுப்புள்ளி சென்னை மக்களிடம், அவர்கள் கேட்ட சொற்களால் கண்டறியப்பட்டது. அதே எண் சிற்றூரிலும் தேவிகுளத்திலும் அதே பொருளைத் தருமா என்பது தனி வினா.

3. எல்லைப் பகுதியின் மொழிநிலை

இப்பகுதியில் வழங்கும் தமிழ் ஒன்றன்று. பாலக்காட்டின் கிழக்கே சிற்றூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறை முதலிய ஊர்களில், பொள்ளாச்சிப் பக்கத்துக் கொங்குத் தமிழின் தொடர்ச்சி காணப்படுகிறது. பாலக்காட்டு அக்கிரகாரங்களின் தமிழ் மலையாளத்தோடு பல தலைமுறை உறவாடியது. இடுக்கியில் தேவிகுளம், பீர்மேடு வட்டங்களின் தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய தொழிலாளரின் பேச்சு தமிழகத்தின் தென் மாவட்டப் பேச்சை அடியாகக் கொண்டது. மறையூர், காந்தளூர் முதலிய அஞ்சுநாட்டு ஊர்களில் தோட்டங்களுக்கு முற்பட்ட தமிழ்க்குடிகள் வாழ்கின்றனர். அட்டப்பாடியில் வழங்கும் இருளர் மொழியைத் தமிழின் வட்டார வழக்காகக் கொள்ளாமல் தனியே நோக்குதல் வேண்டும்.

1956இன் மாநிலச் சீரமைப்புக்குப் பின் இப்பகுதிகளில் ஆட்சிமொழி மலையாளமாயிற்று. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுடன் தம் மொழியில் கடிதத் தொடர்பு கொள்ள வழி செய்துள்ளது. ஆயினும் மருத்துவமனையில் செவிலியரும் நோயாளியும் பேசிக்கொள்வது கடிதத் தொடர்பன்று. ஆர்த்ரம் இயக்கம் 2017இல் தொடங்கிய பின், கேரளத்தின் குடும்ப நல மையங்களில் மனச்சோர்வுக்கென ஆஸ்வாசம் என்னும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. மலையாளத்தில் அப்பெயர் ஆறுதலையும் துயர்நீக்கத்தையும் உணர்த்தும்; தமிழரோ ஆசுவாசம் என்பதைச் சற்றே மூச்சு வாங்கி இளைப்பாறுதல் என்றே கொள்வர். பொருள் நெருங்கி வந்தும் ஒன்றாகாத இந்நிலை, படிவத்தின் உள்ளேயும் காணப்படும்.

இங்கு மூவகை நோயாளர் உளர். தமிழைப் பேசவும் படிக்கவும் வல்லவர் ஒரு சாரார். தமிழ் பேசி, மலையாளத்தில் கல்வி கற்று, மலையாள எழுத்தை மட்டும் படிப்போர் மற்றொரு சாரார். எம்மொழியையும் படிக்க இயலாத முதியோர் மூன்றாம் சாரார். எழுதிய தமிழ்ப் படிவத்தைத் தாமே படித்து விடை குறிக்கும் முறை முதல் சாராருக்கு மட்டுமே பொருந்தும். ஏனையோருக்குப் படிவம் படித்துக் காட்டப்படும்.

4. ஒரு சொல், இரு பொருள்

தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவான சொற்கள் மிகுதி. எளிதாகத் தோன்றும் இப்பொதுமையே மனநிலைச் சொற்களில் இடராகிறது.

சங்கடம் என்பது தமிழில் இக்கட்டையும் கூச்சத்தையும் உடல் அசௌகரியத்தையும் குறிக்கும். வயிறு சங்கடமாக இருக்கிறது என்பது இயல்பான வழக்கு. மலையாளத்தில் அச்சொல் துயரத்தைக் குறிக்கும். அழுகையோடு சேர்ந்து வருவது. மருந்தினால் வயிறு ஒவ்வாத நீரிழிவு நோயாளி சங்கடம் என்றால், மலையாளம் பேசும் செவிலியர் அதனைத் துயரம் எனக் குறிக்க இடமுண்டு.

விஷமம் என்பது தமிழில் குறும்பு, மலையாளத்தில் மனவருத்தம். அண்மைக் காலமாக விஷமம் உண்டா என்று கேட்கப்படும் தோட்டத்து மூதாட்டி, பேரக்குழந்தைகளைப் பற்றி விடையளிக்கக் கூடும். மலையாளத்தோடு நெடுநாள் பழகிய சிற்றூர்க்காரரோ அச்சொல்லை வருத்தம் என்னும் பொருளிலேயே கொள்வார். ஆகவே ஒரே சொல் ஒரே மாவட்டத்தில் ஒருவருக்குச் சரியான வினாவாகவும் மற்றொருவருக்குத் தவறான வினாவாகவும் அமைகிறது.

படிவத்தின் முதல் வினா ஈடுபாடு பற்றியது. மலையாளத்தில் ஈடுபாட்டைக் குறிக்கும் இயல்பான சொல் தால்பர்யம். தமிழில் தாத்பரியம் என்பது உட்கருத்து. சோம்பலையும் தயக்கத்தையும் மலையாளத்தில் மடி என்பர். தமிழிலும் அப்பொருள் பழமையானது. திருக்குறளின் 61ஆம் அதிகாரம் மடியின்மை. இன்றைய தமிழ்ப் பேச்சிலோ மடி என்பது அமர்ந்தவரின் தொடைப்பகுதி. இலக்கியச் சான்று இருப்பதாலேயே ஒரு சொல் வினாப்படிவத்துக்குத் தகுதி பெற்றுவிடாது என்பதற்கு இது தக்க சான்று.

துக்கம் என்னும் சொல்லும் இங்ஙனமே. மலையாளத்தில் அது பொதுவான துயரம். தமிழ்ப் பேச்சில் அது பெரும்பாலும் சாவோடு தொடர்புற்றது. துக்க வீடு, துக்கம் விசாரித்தல் என்பனவற்றை நோக்குக. கடந்த இரு வாரங்களில் துக்கம் இருந்ததா என்று வினவின், வீட்டில் யாரும் இறக்கவில்லை என்னும் விடை வரலாம்.

மலையாளத்தின் தாக்கமின்றியே தமிழில் எழும் இடரும் உண்டு. மன அழுத்தம் என்னும் தொடர் ஆங்கிலத்தின் இரு வேறு கலைச்சொற்களுக்கு ஈடாக நாளிதழ்களில் வழங்குகிறது. ஒன்று வேலைச்சுமையால் வரும் நெருக்கடி. மற்றொன்று மனச்சோர்வு நோய். வேலை மிகுதியா என்று கேட்பதாக நோயாளி கொள்ளின் விடை வழி மாறும்.

5. தொடரமைப்பும் பேச்சு வழக்கும்

ஆங்கிலப் படிவம் உணர்தல் என்னும் வினையை அடிக்கடி ஆள்கிறது. அதனைப் பின்பற்றிச் சோர்வாக உணர்ந்தீர்களா என்று பெயர்ப்பது எழுத்தில் பழகிவிட்டது. தமிழில் உடல், மன அனுபவங்கள் நான்காம் வேற்றுமையோடு வருவதே இயல்பு: எனக்குப் பசிக்கிறது, எனக்குப் பிடிக்கவில்லை. அன்றி மனத்தையே எழுவாயாக்கிக் கூறுவர்: மனசு பாரமா இருக்கு, மனசு சரியில்லை, எதுலயும் மனசு போகலை. உணர்தல் என்பது பேச்சில் அறிந்துகொள்ளுதல், தவற்றை ஒப்புக்கொள்ளுதல் ஆகிய பொருள்களுக்கு நெருங்கியது. எனவே உணர்ந்தீர்களா என்னும் வினா முதியவருக்கு அந்நியமாக ஒலிக்கும்.

ஃபெர்குசன் 1959இல் விளக்கிய இரட்டை வழக்கு நிலை தமிழில் வலுவானது என்பது மொழியியலார் அறிந்ததே. எழுத்துத் தமிழில் உள்ள வினாவை அப்படியே ஒருவரிடம் படித்துக் காட்டுவது உரையாடலாகாது. செவிலியர் அதனை அந்நொடியில் பேச்சுத் தமிழாக்குவார். ஒவ்வொருவரும் ஒவ்வொரு வகையாக மாற்றுவர். ஆகவே ஆய்வில் ஏற்கப்பட்ட வினா ஒன்று. நோயாளியின் செவியில் விழும் வினா வேறு. எழுத்து வடிவத்துக்குக் கண்ட வெட்டுப்புள்ளி, பதிவு செய்யப்படாத பேச்சு வடிவத்துக்கு எவ்வாறு பொருந்தும்?

ஆறாம் வினா தோல்வியைப் பற்றிப் பேசுகிறது. தமிழில் தோல்வி தேர்வுக்கும் தேர்தலுக்கும் போட்டிக்கும் உரியது. வாழ்வில் தாம் பயனற்றவர் என்னும் எண்ணத்தை, எதுக்கும் லாயக்கில்லை, வீட்டுக்குப் பாரமா இருக்கேன் என்றே கூறுவர். ஏழாம் வினா செய்தித்தாள் படித்தலையும் தொலைக்காட்சி காண்பதையும் கவனத்துக்கு எடுத்துக்காட்டாக்குகிறது. கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு, ஒருவர் சொல்வதை இறுதிவரை கேட்டல், எடை போட்ட கணக்கை நினைவில் வைத்தல் என்பன பொருத்தமான எடுத்துக்காட்டுகளாகும்.

ஒன்பதாம் வினாவே மிகுந்த பொறுப்புக்குரியது. போய்ச் சேர்ந்தால் நல்லது என்று முதியவர் கூறுவது பேச்சில் இயல்பாக வரும் அலுப்பாகவும் இருக்கலாம். மெய்யான விருப்பமாகவும் இருக்கலாம். தற்கொலை என்னும் சொல்லை நேரே ஆளின், அச்சத்தாலோ நாணத்தாலோ இல்லை என்பர். மிக மென்மையாக்கின் அனைவரும் ஆம் என்பர். வாழ்வு வேண்டாம் என்னும் எண்ணத்தையும் தமக்குத் தாமே தீங்கு செய்துகொள்ளும் எண்ணத்தையும் இரு வினாவாகப் பிரித்தல் வேண்டும். மகனோ மருமகளோ உடனிருந்து மொழிபெயர்க்கும் சூழலில் இவ்வினாவுக்கு உண்மையான விடை கிடைப்பது அரிது. மொத்த மதிப்பெண் எதுவாயினும், இவ்வினாவுக்கு ஆம் என்றவரை மருத்துவர் அன்றே தனியே சந்தித்தல் வேண்டும்.

6. கால அளவுச் சொற்கள்

மொழிபெயர்ப்பாளர் வினாக்களில் செலுத்தும் கவனத்தை விடைத் தெரிவுகளில் செலுத்துவதில்லை. மதிப்பெண்ணோ விடைத் தெரிவுகளிலிருந்தே பிறக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டாம் தெரிவு ஒரு சில நாட்கள் என்னும் அளவைக் குறிக்கிறது, மதிப்பெண் 1. அகராதி வழிநின்று அதனைப் பல நாட்கள் எனப் பெயர்ப்பின் படிநிலை குலைகிறது. பதினான்கு நாட்களில் பல நாட்கள் என்பது தமிழ்ச் செவிக்குப் பாதிக்கு மேற்பட்டதாகவே தோன்றும். 2 பெற வேண்டியவர் 1இல் நின்றுவிடுவார். ஒன்பது வினாக்களிலும் இது நேரின், எண் பெரிதும் இறங்கும்.

சில நாள், பாதி நாளுக்கு மேல், அநேகமா எல்லா நாளும் என்னும் தொடர்கள் ஏறுவரிசையைத் தெளிவாகக் காட்டுகின்றன. அவற்றையும் எண்ணிக்கை கூறாத மக்களிடம் சோதித்தே கொள்ள வேண்டும். சென்னை ஆய்வு ஆம், இல்லை என்னும் இரு விடைகளைக் கொண்டமை இவ்விடரைத் தவிர்க்கிறது. ஆனால் நோயின் கடுமையை அளக்கும் நுட்பம் அதனால் குறைகிறது. இரண்டில் எதனைத் தெரிவதாயினும் வெட்டுப்புள்ளியைப் புதிதாகக் காணுதல் வேண்டும்.

7. நீரிழிவின் குறுக்கீடு

மேற்கூறிய இடர்கள் எல்லா நோயாளருக்கும் பொது. நீரிழிவாளரிடம் மற்றோர் இடர் சேர்கிறது. இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுவதால் உறக்கம் கெடுகிறது. சர்க்கரை உயரினும் தாழினும் களைப்பு வருகிறது. மிகு பசி நோயின் அறிகுறி. பசிக்குறைவு சில மருந்துகளின் விளைவு. சர்க்கரை தாழும்போது கவனம் சிதறுகிறது. உறக்கத்துக்கு 3, களைப்புக்கு 3, பசிக்கு 2, கவனத்துக்கு 2 எனப் பெறும் ஒருவர், மனம் சிறிதும் தளராமலே பத்தை எட்டிவிடுவார். நெதர்லாந்தில் நீரிழிவாளரிடம் நிகழ்ந்து 2010இல் வெளியான ஆய்வு, பத்தைவிடப் பன்னிரண்டே பொருத்தமான வெட்டுப்புள்ளி எனக் கண்டது இதனோடு ஒத்துள்ளது.

இங்கு மொழியின் பங்கு என்ன? உடல் பற்றிய வினாக்களின் சொற்கள் எளியவை. உறக்கம், பசி, அசதி என்பன யாவர்க்கும் விளங்கும். மனம் பற்றிய வினாக்களின் சொற்களோ மேற்கண்டவாறு இடறுகின்றன. எனவே பிழையான தமிழாக்கத்தில் உடல் வினாக்கள் மதிப்பெண்ணை ஏற்றும். மன வினாக்கள் மதிப்பெண் தராமல் நிற்கும். மனச்சோர்வு இல்லாத நீரிழிவாளர் நோயாளியாகக் கணக்கிடப்படுவார். உறக்கமும் பசியும் கெடாமல், வாழ்வில் பிடிப்பிழந்து மருந்தை நிறுத்திவிட்ட பெண் நலமுள்ளவராகக் கணக்கிடப்படுவார். மொத்த எண்ணை மட்டும் நோக்குவோர்க்கு இவ்விருவகைப் பிழையும் புலப்படாது.

8. மீள்மொழிபெயர்ப்பின் எல்லை

பிரிஸ்லின் 1970இல் விளக்கிய மீள்மொழிபெயர்ப்பு முறையே இத்துறையில் பெரிதும் பின்பற்றப்படுகிறது. தமிழாக்கத்தை மற்றொருவர் ஆங்கிலத்துக்குத் திருப்பி, மூலத்தோடு ஒப்பிடுவர். பெரும் பிழைகளைக் களைய இது உதவும். ஆயின் திருப்புபவர் இருமொழிக் கல்வி பெற்றவர். மன அழுத்தம் என்பதைக் கண்டதும் மூலத்தின் சொல்லை அவர் ஊகித்துக்கொள்வார்; உணர்ந்தீர்களா என்பதை வழுவின்றித் திருப்பிவிடுவார். எந்த அளவு மூலத்தை ஒட்டிய செயற்கைத் தமிழோ, அந்த அளவு மீள்மொழிபெயர்ப்பு சிறப்பாக அமையும். மனசு பாரமா இருக்கு என்னும் நல்ல தமிழோ சொல்லளவில் மூலத்தினின்று விலகியதாகக் கருதப்பட்டுத் திருத்தப்படும்.

ஃபிளாகர்ட்டி முதலானோர் 1988இல் உள்ளடக்கம், சொற்பொருள், கேட்கும் முறை, அளவுகோல், கருத்து என ஐவகைச் சமன்மைகளைப் பிரித்தனர். மீள்மொழிபெயர்ப்பு இவற்றுள் சொற்பொருளை மட்டுமே, அதுவும் பகுதியாகவே, காக்கிறது. ஒரு பண்பாட்டின் நோய் வகைப்பாட்டை மற்றொன்றின் மேல் ஏற்றும் பிழையைக் கிளைன்மன் 1977இலேயே சுட்டினார். இதற்கு மாற்றான வழியும் உண்டு. சிம்பாப்வேயில் பட்டேல் முதலானோர் 1997இல் வெளியிட்ட ஷோனா வினாப்படிவம், மக்கள் தம் நோயைக் கூறும் சொற்களிலிருந்தே அமைக்கப்பட்டது. மிகுதியாகச் சிந்தித்தல் என்று பொருள்படும் ஷோனாச் சொல் அங்கு முதன்மை பெற்றது. தமிழில் யோசனை என்னும் சொல் இவ்வாறு ஆராயத்தக்கது. எப்பப் பாத்தாலும் ஒரே யோசனை என்பது தமிழர் வாயில் கவலையைக் குறிப்பது.

9. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன புலனாகின்றன. முதலாவதாக, எல்லைப் பகுதிக்கான படிவத்தில் சங்கடம், விஷமம், துக்கம் போன்ற இருபொருட் சொற்களை விலக்கி, இரு மொழியினர்க்கும் ஒரே பொருள் தரும் தொடர்களைத் தேர்தல் வேண்டும். இரண்டாவதாக, படித்துக் காட்டும் பேச்சு வடிவம் ஊருக்கேற்ப எழுதி நிலைப்படுத்தப்பட வேண்டும்; செவிலியரின் அந்நேர மாற்றத்துக்கு அதனை விட்டுவிடலாகாது. தமிழ் பேசி மலையாளம் படிப்போருக்காக அவ்வடிவத்தை மலையாள எழுத்திலும் அச்சிடலாம். மூன்றாவதாக, வினாவைக் கேட்டபின் நோயாளி அதனை எவ்வாறு விளங்கிக்கொண்டார் என அவர் வாயாலேயே கூறச் செய்து சோதிக்க வேண்டும். நான்காவதாக, மனநல மருத்துவரின் நேர்காணலோடு ஒப்பிட்டு வெட்டுப்புள்ளியை நீரிழிவாளரிடம் புதிதாகக் காண வேண்டும். ஒரே அளவு சோர்வுடைய சிற்றூர்க்காரரும் மூணாற்றுக்காரரும் ஒரு வினாவுக்கு வெவ்வேறு விடை தருகின்றனரா என்பதையும் வினாவாரியாக ஆராய வேண்டும்.

இப்பணிகளுள் முதல் மூன்றும் மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் செய்ய வேண்டியவை. இன்றைய நடைமுறையிலோ மொழிபெயர்ப்பாளரின் பங்கு படிவம் கையளிக்கப்பட்டவுடன் முடிந்துவிடுகிறது. பின்னர் வரும் சோதனை புள்ளியியலாரிடம் செல்கிறது. வினா தவறாக விளங்கிக்கொள்ளப்பட்டதா, நோயே இல்லையா என்பதைப் புள்ளியியல் தனித்துக் கூற இயலாது. இரண்டும் அதற்குச் சுழி என்னும் ஒரே விடையாகவே வந்து சேர்கின்றன. மருத்துவமனையில் நோயாளியின் எதிரே வினா ஒலிக்கும் இடம்வரை மொழிபெயர்ப்பாளர் செல்லும்போதே, அச்சுழியின் பொருள் இன்னதென அறிய இயலும்.